பல்கலைக்கழக அரங்கும் காமன் பொட்டலும்

ஒரு பல்கலைக்கழகத்துக்கு நூலகம் வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. அரங்கு எதற்கு என்ற கேள்வி மட்டும் இன்னும் எழுகின்றது. விழாவுக்கும் வரவேற்புக்கும் ஒரு மண்டபம் போதும் என்று கருதுவோர் உளர். இக்கேள்விக்குப் பேராதனையின் வரலாறே விடை கூறும். அவ்விடையில் ஒரு பாதி இன்னும் எழுதப்படாதிருப்பதையும் அதுவே உணர்த்தும்.

1942 இல் கொழும்பில் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனையில் காலூன்றத் தொடங்கியது. அதன் தொடக்க காலத்தில் நாடகம் என்றால் பெரும்பாலும் ஆங்கில நாடகமே. பேராசிரியர் லுடோவைக் நெறிப்படுத்திய நாடகங்கள் தரத்தில் உயர்ந்தவை. ஆயினும் அவற்றைச் சுவைத்தவர் ஆங்கிலம் கற்ற சிறு கூட்டத்தினரே. தமிழிலோ பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பேச்சு மொழியைத் துணிந்து மேடையேற்றினார். 1940 இல் நூலுருப் பெற்ற 'நானாடகம்' அத்துணிவின் சான்று. மக்களின் மொழி அரங்கினுள் நுழைந்தது. மக்களின் ஆடல் இன்னும் வெளியிலேயே நின்றது.

1956 இல் அக்கதவும் திறந்தது. அவ்வாண்டு நவம்பரில் பேராசிரியர் சரச்சந்திர பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'மனமே' நாடகத்தைக் கொழும்பில் அரங்கேற்றினார். சிங்கள நாடகம் என்னும் கிராமியக் கூத்து வடிவே அதற்கு ஆதாரம். அவ்வடிவமோ தமிழ்க் கூத்துடன் இரத்த உறவு கொண்டது. சிங்களம் மட்டும் சட்டம் நாட்டின் இரு மக்களையும் பிரித்த அதே ஆண்டில், இருவருக்கும் பொதுவான ஒரு முதுசொம் மேடையில் எழுந்து நின்றமை சிந்தனைக்குரியது. அந்நாடகத்துக்கு ஆட்டமும் பாட்டும் பயிற்றியவர் பட்டதாரி அல்லர். மரபுவழிக் கலைஞரான சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே. பல்கலைக்கழகம் அவரிடம் மாணவனாக அமர்ந்தது. 1961 இல் 'சிங்கபாகு' பேராதனைத் திறந்தவெளி அரங்கில் அரங்கேறியது. மலைச்சரிவின் பள்ளத்தில் அமைந்த அவ்வரங்கை மாணவர் 'வள' என்பர். பள்ளம் என்பதே அதன் பொருள். இன்று அது சரச்சந்திரவின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

தமிழில் அப்பணியை மேற்கொண்டவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். மட்டக்களப்புக் கூத்தை ஆதாரமாகக் கொண்டு 1962 இல் 'கர்ணன் போர்' மேடையேறியது. 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' என்பன தொடர்ந்தன. விடிய விடிய வட்டக் களரியில் ஆடப்பெற்ற கூத்து, நேரம் சுருங்கி, ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடைக்கு ஏறியது. இதனால் இழந்தனவும் உண்டு. ஆயினும் கூத்து படியாதவர் ஆட்டம் என்று முகஞ்சுளித்த கற்றோர் கூட்டம், பல்கலைக்கழக மாணவரே சலங்கை கட்டி ஆடக் கண்டு தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டது. இது சிறிய வெற்றியன்று.

பேராதனைக்கு மேலே எழும் ஹந்தானை மலையின் சரிவுகளில் தேயிலை வளர்ந்தது, லயங்கள் இருந்தன. கடுகண்ணாவைக்கு இப்பால் கேகாலையின் இறப்பர்த் தோட்டங்களிலும், தெற்கே இரத்தினபுரியின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலும் ஆயிரமாயிரம் தமிழ்த் தொழிலாளர் வாழ்ந்தனர். அவர்களுக்கும் கூத்து உண்டு: காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். மாசி மாதத்தில் பொட்டலில் காமன் ஊன்றி, ஏறத்தாழ இரு வாரம் தோட்டமே ஒன்றுகூடும். சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிய, இரதி புலம்புவாள். விடியலில் தொழிலாளரைப் பெரட்டுக்கு எழுப்பிய அதே தப்பே இரவில் கூத்துக்கு முழங்கிற்று. பகலில் துரையின் மணியோசையாக இருந்த தோல், இரவில் தொழிலாளியின் குரலாயிற்று. எனினும் அறுபதுகளின் அந்தப் பேராதனைத் தயாரிப்புகளின் வரிசையில் இக்கூத்துகள் இடம்பெறவில்லை.

இது தனி மனிதர் எவரின் குற்றமுமன்று; காரணங்கள் சமுதாயத்தில் வேரூன்றியவை. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. இலவசக் கல்வி 1945 இல் நாட்டுக்கு வந்தும், தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் அதன் வாயிலுக்கு வெளியே கிடந்தன. பல்கலைக்கழகத்துக்கு மாணவரை அனுப்ப இயலாத சமூகம் தன் கூத்தை எவ்வாறு அனுப்பும்? 1964 ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. 1977 இலும் 1981 இலும் வன்செயல்கள் நிகழ்ந்தன. 1981 இல் இரத்தினபுரி, காவத்தை, பலாங்கொடைப் பகுதிகளில் தமிழர் தாக்கப்பட்டனர். ஓர் ஆட்டக்காரன் கப்பலேறினால் ஒரு பாத்திரம் போயிற்று. தப்படிப்பவனும் பாட்டுச் சொல்பவனும் போனால் கூத்தே போயிற்று. தோட்டக் கூத்தின் வரலாறு அம்மக்களின் குடியுரிமை வரலாறே என்பதை நாம் மறத்தலாகாது.

இனிச் செய்யத் தக்கது யாது? காமன் கூத்து ஒரு சடங்கு. பொட்டலிலிருந்து பிடுங்கி, கால் மணி நேர வரவேற்பு நடனமாக நறுக்கினால் அது வாடிவிடும். ஆகவே அரங்கு மக்களிடம் செல்ல வேண்டும். 1985 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தாரால் ஊர் ஊராக ஆடப்பெற்றது. அவ்வழி நமக்கும் உண்டு. 1990களின் நடுப்பகுதி முதல் பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இயங்குகின்றது; பலாங்கொடைத் தோட்டங்கள் அதற்கு அயலில் உள்ளவை. குருன்னான்சே அமர்ந்த ஆசிரிய பீடத்தில் தோட்டத்துக் கூத்து மாஸ்டரும் அமர வேண்டும். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட தப்புக் கலைஞரும் அமர வேண்டும். அவர் அறிவுக்கு மதிப்பும் அவர் உழைப்புக்கு ஊதியமும் கிடைக்க வேண்டும்.

ஆசிரியராகிய நமக்கும் மாணவருக்கும் இதில் உடனடிக் கடமை உண்டு. இரதியின் புலம்பலை மனனமாக அறிந்த முதியவர் இன்றும் லயங்களில் இருக்கின்றனர். அவரிடம் கேட்டு எழுதுவதற்கும், நம் பிள்ளைகளை அவரிடம் ஆடப் பழக அனுப்புவதற்கும் எந்த ஆணைக்குழுவின் அனுமதியும் வேண்டியதில்லை. பல்கலைக்கழக அரங்கின் கதவு அகலத் திறக்கும் நாளில், அதனுள் நுழைய ஒரு கூத்தாவது உயிரோடு இருக்க வேண்டும்.