ஆடு நனைந்தது உண்மைதான்

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இந்தப் பழமொழியைச் சொல்லும்போதெல்லாம் நாம் ஓநாயைத்தான் பார்க்கிறோம். அதன் வாயில் ஊறும் எச்சிலைக் கண்டு சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். மழை பெய்தது உண்மையா, ஆடு நனைந்தது உண்மையா, நனைந்த ஆட்டுக்கு யாராவது ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தார்களா என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. கதை எழுதுகிறவனுக்கு இந்த வழக்கம் ரொம்பச் சௌகரியம். பாத்திரத்தின் உள்நோக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டால் அவன் வேலை பாதி முடிந்தது. சரித்திரம் அப்படி விட்டுவிடுவதில்லை. அமெரிக்காவில் வீடு கட்டி விற்கும் வியாபாரிகள் சங்கம் வைத்துக்கொண்டு, சட்டசபைகளிலும் கோர்ட்டுகளிலும் வாதாடி வந்த கதையைப் படித்தபோது, ஓநாயை அடையாளம் கண்டுகொள்ள எனக்கு அதிக நேரமாகவில்லை. ஆட்டைத்தான் வெகு நேரம் தேட வேண்டியிருந்தது.

நம் பக்கத்தில் ஒருவன் வீடு கட்டுகிறான் என்றால், மனை வாங்கி, நாள் பார்த்து, கொத்தனாரிடம் அகப்பட்டுக்கொண்டு, கையிருப்பையும் மனைவியின் நகையையும் கரைத்துக் கட்டுகிறான். அமெரிக்காவில் வீடு பெரும்பாலும் ஒரு சரக்கு. வியாபாரி ஊருக்கு வெளியே பண்ணை நிலத்தை ஏக்கர் கணக்கில் வாங்குகிறான், தெரு வெட்டுகிறான், அச்சில் வார்த்தாற்போல் வீடுகளை எழுப்பிச் சாவியோடு விற்கிறான். ஆகவே, 'இந்த இடத்தில் குடியிருப்பு கூடாது, இந்தத் தெருவில் அரை ஏக்கருக்குக் குறைந்த மனை கூடாது' என்று நகரசபை ஒரு வரி எழுதினால், அந்த வரி நேரே அவன் கல்லாப்பெட்டிமேல் போய் விழுகிறது. சங்கம் பிறக்க வேறு காரணம் வேண்டியதில்லை.

ஆனால் ஆரம்பத்தில் இந்தத் தொழில்காரர்கள் வேலியை வெறுத்தவர்கள் அல்ல. வேலி வேண்டும் என்று கேட்டவர்களே அவர்கள்தாம். 1916-ல் நியூயார்க் நகரம் ஊரைப் பகுதிகளாக வகுத்து, எங்கே எதைக் கட்டலாம் என்று விதி செய்தது. 1926-ல் ஓஹியோ மாகாணத்து யூக்ளிட் என்ற கிராமத்தின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அந்த முறையை ஒப்புக்கொண்டது. தனி வீடுகளின் நடுவே முளைக்கும் அடுக்கு வீடு ஒரு புல்லுருவி என்ற பொருளில் அந்தத் தீர்ப்பிலே ஒரு வார்த்தை இருக்கிறது. அடுக்கு வீட்டில் குடியிருந்த லட்சக்கணக்கான ஜனங்கள் அதைப் படித்துப் பார்த்திருக்க மாட்டார்கள், படித்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார்கள். இந்த விதிகளுக்கு நில வியாபாரிகளின் தேசிய அமைப்பு முன்னின்று ஆதரவு தந்தது. கான்ஸாஸ் நகரத்தில் பெரிய பெரிய மனைப்பிரிவுகள் போட்ட ஜே. ஸி. நிக்கல்ஸ் போன்றவர்கள், பக்கத்து மனையில் கண்டதும் வராது என்ற நிச்சயமே தங்கள் சரக்கின் விலை என்று அறிந்திருந்தார்கள். அந்த நிச்சயத்தில் நிறபேதமும் அடக்கம். கறுப்பருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்தார்கள். அப்படிப்பட்ட ஷரத்துக்களைக் கோர்ட்டுகள் அமல் செய்யக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது 1948-ல்தான்.

வீடு கட்டுவோர் தேசிய சங்கம் இரண்டாவது உலக யுத்தத்தின் நடுவே உருவாயிற்று. யுத்தத்துக்காக மரமும் இரும்பும் கட்டுப்பாட்டுக்குள் வந்திருந்த காலம் அது. யுத்தத் தொழிலாளருக்கு வீடு கட்டும் வேலையைச் சர்க்காரே எடுத்துக்கொண்டுவிடுமோ என்பது வியாபாரிகளின் பயம். யுத்தம் முடிந்ததும் அந்தப் பயம் போர்க்கோலம் பூண்டது. ஏழைகளுக்குச் சர்க்கார் செலவில் 8,10,000 வீடுகள் கட்டுவதற்கான மசோதா 1949-ல் வந்தபோது, சங்கமும் அதன் கூட்டாளிகளும் வாஷிங்டனில் செய்த பிரசாரத்தைக் கண்டு ஜனாதிபதி ட்ரூமனே வெகுண்டு, பிரதிநிதி சபையின் சபாநாயகருக்குக் கடிதம் எழுதினார். ஏழைகள் வீட்டுப் பகுதியை மசோதாவிலிருந்து நீக்க வேண்டும் என்ற பிரேரணை 204-க்கு 209 என்று ஐந்தே ஓட்டில் தோற்றது.

தலைநகரில் தோற்றவர்கள் ஊர் ஊராகப் போனார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் 10,000 வீடுகள் கட்ட நகரசபை ஒப்புக்கொண்டிருந்தது. அதற்காகச் சாவேஸ் ரவீன் என்ற மலைச்சரிவில் குடியிருந்த மெக்ஸிகப் பூர்விகக் குடும்பங்களுக்கு, 'காலி செய்யுங்கள். புது வீட்டில் உங்களுக்கே முதல் இடம்' என்று 1950-ல் கடிதம் போயிற்று. பெரும்பாலோர் நம்பி எழுந்து போனார்கள். பிறகு, இந்தத் திட்டம் பொதுவுடைமைச் சதி என்று கிளம்பிற்று ஒரு கூக்குரல். அதில் முன்னணியில் நின்றவர்களில் ஒருவர், வீடு கட்டுவோர் தேசிய சங்கத்தின் முதல் தலைவரான பிரிட்ஸ் பர்ன்ஸ். 1952-ல் நடந்த வாக்கெடுப்பில் ஜனங்கள் திட்டத்தை நிராகரித்தார்கள். அடுத்த வருஷம் அதை ஆதரித்த மேயரும் தோற்றார். காலியான மலைச்சரிவில் வீடு எழும்பவில்லை. 1962-ல் ஒரு பேஸ்பால் மைதானம் திறக்கப்பட்டது.

ஓநாயின் ஜாதகம் இது. இதைத் தெரிந்துகொண்டு பெடலுமாவுக்குப் போவது நல்லது.

பெடலுமா, ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு வடக்கே நாற்பது மைலில் ஸொனோமா வட்டாரத்தில் இருக்கும் சிற்றூர். 1879-ல் அங்கே ஒருவர் முட்டையைச் செயற்கையாகப் பொரிக்கவைக்கும் பெட்டி ஒன்றை உருவாக்கியதிலிருந்து ஊர் முழுவதும் கோழி மயம். உலகத்தின் முட்டைக் கூடை என்று பட்டமே சூட்டிக்கொண்டார்கள். கோழிகளுக்கென்றே தனியாக ஒரு மருந்துக் கடை நடந்ததாம்! 1950-ல் ஜனத்தொகை 10,315. பிறகு பெரிய சாலை அகலமாயிற்று. ஸான் பிரான்ஸிஸ்கோவில் வாடகை கொடுத்து மாளாதவர்கள், தினம் எண்பது மைல் போய் வந்தாலும் சரி, சொந்த வீடு வேண்டும் என்று வரத் தொடங்கினார்கள். கோழிப் பண்ணைகள் மனைகளாயின. 1970-ல் ஜனத்தொகை 24,870. அந்த ஆண்டு 591 புது வீடுகள். மறு ஆண்டு 891. பள்ளிக்கூடத்தில் இடம் போதாமல் பிள்ளைகளுக்குக் காலை முறை, மாலை முறை என்று வகுப்பு நடத்த வேண்டியதாயிற்று.

பழைய ஊர்க்காரர்கள் கலங்கியதில் தவறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் ஊரில் புதுக் குடித்தனம் பத்து வந்தாலே கிணற்றடியில் என்ன பேச்சு நடக்கும் என்று நமக்குத் தெரியும். நகரசபை 1971-ல் புது அனுமதிகளை நிறுத்தி வைத்து யோசித்தது. 1972-ல் ஒரு திட்டத்தை நிறைவேற்றியது. வருஷத்துக்கு 500 வீடுகள்தாம். ஐந்து வீட்டுக்குக் குறைந்த சிறு கட்டடங்களுக்கு இந்தக் கணக்கு இல்லை. மற்றவர்கள் தங்கள் திட்டத்தை மனுவாகப் போட வேண்டும். அழகு, பூங்கா, ஏழைகளுக்கு இடம் இவற்றுக்கெல்லாம் மதிப்பெண் போட்டு, தேறியவர்களுக்கு அனுமதி. பரீட்சை எழுதிப் பழக்கமில்லாத வியாபாரிகளுக்கு இது எப்படி இருந்திருக்கும்! போதாததற்கு ஊரைச் சுற்றி 200 அடி அகலத்தில் ஒரு பசுமை அரண்.

ஸொனோமா வட்டாரக் கட்டடத் தொழில் சங்கம், நில உடைமைக்காரர் இருவரைச் சேர்த்துக்கொண்டு, கோர்ட்டுக்குப் போயிற்று. 'எங்கள் லாபம் போகிறது' என்று மட்டும் கேட்டிருந்தால் இந்த வழக்கை யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள். சங்கம் அதற்கு மேல் ஒன்று சொன்னது: 'அமெரிக்கப் பிரஜை ஒருவன் தன் தேசத்தில் எந்த ஊருக்கும் போய்க் குடியேறலாம். இந்த ஊர் கதவைச் சாத்துகிறது. வர நினைத்து வர முடியாமல் போனவர்களின் உரிமைக்காகவும் நாங்கள் பேசுகிறோம்.'

ஓநாய் அழுதது. ஆனால் விசாரணையில் வெளிவந்த கணக்கைப் பாருங்கள். பெடலுமாவைப் போலவே அந்தப் பிராந்தியத்து ஊர்கள் எல்லாம் செய்தால், 1970-லிருந்து 1980-க்குள் ஏறக்குறைய 1,05,000 வீடுகள் குறைந்துபோகும்; அதாவது, தேவையில் நாலில் ஒரு பங்கு. ஒவ்வோர் ஊரும் தன் அழகைக் காப்பாற்றிக்கொள்ளும். அத்தனை பேரும் எங்கே போவார்கள்? அதற்குப் பதில் சொல்லும் கடமை எந்த ஊருக்கும் இல்லை. ஊருக்குள் இருப்பவனுக்கு ஓட்டு இருக்கிறது. வராதவனுக்கு இல்லை. தனக்கு ஒரு வீடு இல்லாமல் போனது என்பதே அவனுக்குத் தெரியாது. ஸான் பிரான்ஸிஸ்கோவில் யாரோ ஒரு குமாஸ்தா வாடகை ஏறிவிட்டதே என்று மனைவியிடம் அலுத்துக்கொண்டிருப்பான். பெடலுமா நகரசபையின் தீர்மானம் அவன் கண்ணில் பட்டிருக்காது. கட்டாத வீட்டுக்குக் கதவிலக்கம் ஏது?

1974-ல் நீதிபதி லாயிட் பர்க் சங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். நகரசபை அப்பீல் செய்தது. 1975 ஆகஸ்டில் அப்பீல் கோர்ட் தீர்ப்பை மாற்றிவிட்டது. அதை எழுதியவர் நீதிபதி ஹெர்பர்ட் சாய். கொரியாவிலிருந்து ஹவாய்த் தீவுக்குக் குடியேறியவர்களின் புதல்வர். அவர் சொன்ன காரணம் எனக்கு மிகவும் சுவாரஸ்யமானது. குடியேறும் உரிமை பறிபோனதென்றால், பறிகொடுத்தவன் வந்து கேட்கட்டும். அவனுக்காகக் கேட்க வீடு விற்கிறவனுக்குப் பாத்தியதை இல்லை! ஆகவே அந்த உரிமை இருக்கிறதா, மீறப்பட்டதா என்ற கேள்விக்குள் கோர்ட் போகவே இல்லை. மிச்சமிருந்த வாதங்களுக்கு, சிற்றூர்த் தன்மையையும் வெட்டவெளியையும் காப்பாற்றிக்கொள்வது பொதுநலத்தில் சேர்ந்ததே என்று பதில் சொல்லிற்று. பிராந்தியம் முழுவதற்கும் கஷ்டம் என்றால் மாகாணச் சட்டசபை பார்த்துக்கொள்ளட்டும் என்றது. 1976-ல் சுப்ரீம் கோர்ட் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது.

சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் பறிகொடுத்தவன் எப்படி வருவான்? வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் அவனிடம் இல்லை. அந்தப் பணம் சங்கத்திடம் இருந்தது. சங்கத்துக்கு வாய் இல்லை என்று கோர்ட் சொல்லிவிட்டது. இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. திட்டம் வருவதற்கு முன்னால், வியாபாரிகளின் இஷ்டப்படி நடந்த நாளில், பெடலுமாவில் எழும்பியவை பெரும்பாலும் நடுத்தர வருமானக்காரர்களின் தனி வீடுகளே என்று தீர்ப்பு எடுத்துக் காட்டுகிறது. புது வீடுகளில் நூற்றுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு வரை குறைந்த, மத்திய வருமானக்காரருக்கு என்று விதித்தது, கதவைச் சாத்தியதாகச் சொல்லப்பட்ட நகரசபைதான்.

1982-ல் கலிபோர்னியா சட்டசபை, வீட்டுத் திட்டங்களை ஊர்கள் தக்க காரணமின்றி நிராகரிப்பதற்கு எதிராக ஒரு சட்டம் செய்தது. வெகு காலம் அதற்குப் பல் முளைக்கவில்லை. தேசிய சங்கமோ கணக்குப் பிள்ளையாக மாறியது. புது வீட்டின் விலையில் நூற்றுக்கு 23.8 பங்கு சர்க்கார் விதிகளால் ஏறியது என்று 2021-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. விலை ஆயிரம் டாலர் ஏறினால் லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு வீடு எட்டாமல் போகிறது என்று சமீப வருஷங்களில் தவறாமல் சொல்லி வருகிறது. அந்த 23.8-க்குள், வீடு இடிந்து விழாமல் காக்கும் கட்டட விதிகளின் செலவும் சேர்ந்திருக்கிறது. லாபத்தால் விலை எவ்வளவு ஏறியது என்பதற்கு அந்த அறிக்கையில் தனிப் பத்தி கிடையாது.

ஸான் ஹோசே நகரம் 2010-ல், இருபது வீடுகளும் அதற்கு மேலும் கட்டுகிறவர்கள் நூற்றுக்குப் பதினைந்தைக் குறைந்த வருமானக்காரர் வாங்கும் விலையில் விற்க வேண்டும் என்று விதித்தது. கலிபோர்னியா கட்டடத் தொழில் சங்கம் மறுபடியும் கோர்ட் படியேறியது. இந்தத் தடவை வராதவர்களுக்காகப் பேசவில்லை. ஊரில் வீடு எட்டாக்கனியானதற்கு நாங்கள் கட்டும் வீடுதான் காரணம் என்று முதலில் காட்டுங்கள், பிறகு எங்களிடம் கேளுங்கள் என்பது வாதம். கீழ்க் கோர்ட்டில் ஜயித்தது. 2015 ஜூனில் கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட், நகரத்தின் விதி செல்லும் என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. மறு வருஷம் பிப்ரவரியில் வாஷிங்டன் சுப்ரீம் கோர்ட்டும் தலையிட மறுத்துவிட்டது.