கடல் இல்லாத தீவு

கிரீஸ்ல மோனெம்வாசியான்னு ஒரு குட்டித் தீவு. கடலுக்குள்ள ஒத்தைப் பாறை, மேல கோட்டை. பெயருக்கு 'ஒரே நுழைவாயில்'னு அர்த்தமாம். போட்டோ பார்த்ததும் "அட, நம்ம மலைக்கோட்டை!"ன்னு தோணுச்சு.

திண்டுக்கல்லும் தீவுதாங்க, சுத்தி கடலுக்குப் பதிலா சமவெளி. திண்டு மாதிரி கல், அதான் இந்தப் பேருன்னு சொல்வாங்க. மதுரைக்கும் கோயமுத்தூருக்கும் இடையில உள்ள வழியைக் காக்கிற இடம்கிறதால எல்லாருக்கும் இது வேண்டியிருந்தது. 1605ல முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கோட்டை கட்ட ஆரம்பிச்சார். 1755ல ஹைதர் அலி வந்தார். 1783லயும் 1790லயும் ஆங்கிலேயர் பிடிச்சாங்க. 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தத்துல அவங்களுக்கே போயிடுச்சு.

ஆனா பீரங்கி மட்டும் இருந்தா கோட்டை தாங்குமா? முற்றுகை போட்டா தண்ணி வேணுமே! மோனெம்வாசியால மழைத்தண்ணியைத் தொட்டிகள்ல சேர்த்தாங்க. நம்ம மலையில பாறைப் பள்ளங்கள்ல தேக்கினாங்க.

சின்ன வயசுல குடத்தோட லாரிக்குக் காத்து நின்னவன் நான். தலைக்கு மேல நின்ன பாறைக்குத் தெரிஞ்ச வித்தை கீழே இருந்த எங்களுக்குத் தெரியலை. போன லீவுல அப்பாவோட ஏறினேன். சுனையில தண்ணி கிடந்துச்சு. அப்பா ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு, "வீட்டு மொட்டைமாடித் தண்ணிக்கு ஒரு தொட்டி கட்டிடுவோம்டா"ன்னார்.

கட்டியாச்சு. மழைக்குத்தான் வெயிட்டிங்!