தூதும் காலமும்

நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூர், மலையமான் காரியின் ஊர். அதனை வென்றவன், கல்வராயன் மலைக்கு வடமேற்கே தகடூரை ஆண்ட அதியமான். அவன் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார்.

பின்னாளில் முதலாம் இராசராசன் விடுத்த தூதுக்குழு 1015-ஆம் ஆண்டில் சீனத்தை அடைந்தது. வழியிற் கழிந்தவை 1150 நாட்கள்.

இன்றோ செய்தி நொடிப்பொழுதில் கடல் கடக்கிறது. தொழில்நுட்ப நிறுவனங்களோடு பேசுவதற்கென்றே டென்மார்க்கு 2017-இல் ஒரு தூதரை அமர்த்தியது. புதிய தொழில்நுட்பங்களுக்கென நம் வெளியுறவு அமைச்சகமும் 2020-இல் தனிப்பிரிவு கண்டது.

நான் அஞ்சுவது ஒன்றே. அன்று நெடுவழியே தூதருக்குச் சிந்திக்கக் காலம் தந்தது. இன்று அக்காலத்தை அவரே தேடிக்கொள்ள வேண்டும். சினத்தில் விடுத்த சொல்லைத் திருப்பிக் கொணர, பின்னே விரையும் குதிரை இல்லை. நாளைய தூதர்களாகிய நீங்கள் இதனை மறவாதிருப்பீராக.