சிறு குரலைக் கேட்ட கதை

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் வட்டத்தில் அமைந்துள்ள ஊர் ஹெப்பகோடி. முன்னாளில் இது ஒரு சிற்றூர். 1978-இல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் இதன் அண்மையில் எலக்ட்ரானிக்ஸ் சிட்டியை உருவாக்கத் தொடங்கியது. பொம்மசந்திரத்தின் தொழிற்சாலைகளும் பக்கத்தில் எழுந்தன. இத்தகைய தொழிற்பேட்டைகளை ஒட்டி, லாரியை அப்படியே நிறுத்தி எடை போடும் எடை மேடையை நாம் காண்கிறோம். லாரி ஏறி நிற்கிறது, எண் தெரிகிறது, ஓட்டுநர் சீட்டைப் பெற்றுச் செல்கிறார். அந்த எண் எப்படிப் பிறந்தது என்று வினவுவோர் சிலரே. அவ்வினாவுக்கு விடை தேடிப் புறப்பட்டால், நூறாண்டு வரலாறு ஒன்று நம் முன் விரிகிறது.

எடை மேடையின் அடியில் லோட் செல் எனப்படும் எஃகுத் துண்டுகள் உள்ளன. சுமை ஏறும்போது எஃகு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன் மேல் ஒட்டப்பட்ட மெல்லிய மின்தடைகள் நீண்டும் சுருங்கியும் மதிப்பு மாறுகின்றன. நான்கு மின்தடைகளை வீட்ஸ்டன் சமனச்சுற்றாக இணைத்து, 10 வோல்ட் கொடுத்தால், முழுச் சுமையிலும் கிடைப்பது பெரும்பாலும் 20 மில்லிவோல்ட்டே. 20 டன் தாங்கும் லோட் செல்லில் 20 கிலோ மூட்டை ஒன்றை வைத்தால் எழுவது 20 மைக்ரோவோல்ட். ஆனால் சுற்றின் இரு வெளிக்கம்பிகளிலும் பொதுவாக 5 வோல்ட் நிற்கிறது. அது நாம் தேடும் குறியைப்போல் இரண்டரை லட்சம் மடங்கு. போதாக்குறைக்கு, பக்கத்து மோட்டார்களிலிருந்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் வந்து சேர்கிறது. திருவிழாக் கூட்டத்தில் குழந்தையின் முனகலைக் கேட்பது போன்ற பணி இது.

கேட்கவில்லையென்றால் ஒலியைப் பெருக்கிவிடலாமே என்று தோன்றும். ஆயின் பெருக்கினால் கூட்டத்தின் ஆரவாரமும் உடன் பெருகும். எனவே, சிறு குறியைப் பெருக்கும் கலையின் வரலாறு, உண்மையில் வேண்டாததை விலக்கும் கலையின் வரலாறே ஆகும்.

இவ்வுண்மை முதலில் வலுவாக உணரப்பட்ட துறைகளுள் ஒன்று உடலியல். ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்னும் மருத்துவர் 1924-இல் மனித மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தார்; 1929-இல் அதனை வெளியிட்டார். தலையின் தோலில் கிடைக்கும் அந்த அலை சில பத்து மைக்ரோவோல்ட்டே. அறிஞர் பலர் அவரை நம்பவில்லை. அது மூளையின் குரலா, அன்றிக் கருவியின் மயக்கமா என்று ஐயுற்றனர். அந்த ஐயம் பொருந்தாததன்று. அளக்கும் கருவி தானே பொய் சொல்லக்கூடிய அளவுக்குக் குறி சிறிதாயின், உண்மை கண்டவனுக்கும் சான்று இல்லாமற் போகிறது.

1934-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன், மாத்யூஸ் என்னும் இருவர் இதனை ஆராய்ந்தனர். இரு கம்பிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டை மட்டும் பெருக்கி, இரண்டிலும் பொதுவாக வருவதை விலக்கும் வால்வுப் பெருக்கி ஒன்றை மாத்யூஸ் அமைத்தார். ஏட்ரியன் தம் தலையையே சோதனைக்குத் தந்தார். கண்ணை மூடியபோது அலை எழுந்தது, திறந்தபோது மறைந்தது. வெளியிரைச்சல் ஒருவர் கண் இமைப்பதைப் பார்த்தா மாறும்? பெர்கரின் வாக்கு மெய்யென்று அறிவுலகம் ஏற்கலாயிற்று.

1936-இல் இங்கிலாந்தின் ஆலன் புளூம்லீன் இரு வால்வுகளின் அடியை ஒரே மின்தடையில் இணைக்கும் சுற்றுக்குக் காப்புரிமை கோரினார். அதே எண்ணம் பின்னர் டிரான்சிஸ்டருக்கு மாறியது. 1960-களில் செயல்பாட்டுப் பெருக்கியாகச் சிறு சில்லுக்குள் புகுந்தது. அப்பெருக்கிகள் மூன்றை இணைத்ததே இன்று நாம் அளவுக்கருவிப் பெருக்கி என்று கூறும் அமைப்பு. முன்னிற்கும் இரண்டும் வேறுபாட்டை மட்டும் பெருக்குகின்றன. பொது அழுத்தத்தை உள்ளபடியே விடுகின்றன. மூன்றாவது, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறது. கழித்தல் செம்மையாக வேண்டுமாயின், அங்குள்ள நான்கு மின்தடைகளும் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு விழுக்காடு பிழை இருந்தால், மிக மோசமான நிலையில் பொது அழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்கு கழிபடாமல் தங்கிவிடும். கடையில் வாங்கிய மின்தடைகளைக் கொண்டு இச்சுற்றை அமைப்போர் இடறி விழும் இடம் இதுவே. 1971-இல் அனலாக் டிவைசஸ் நிறுவனம் முழுப் பெருக்கியையும் ஒரே சில்லில் ஏ.டி.520 என வெளியிட்டது. நாளடைவில் சில்லின் மின்தடைகளை லேசர் ஒளியால் செதுக்கி ஒப்பாக்கும் முறையும் பரவியது.

கருநாடக மண்ணிலும் சிறு குறியின் கதை உண்டு. பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில், 1965-இல், இந்திய அணுசக்தித் துறையினர் பிரிட்டனின் ஒத்துழைப்புடன் நில அதிர்வு நிலையம் அமைத்தனர். நெடுந்தொலைவில் நிலத்தடியில் வெடிக்கும் அணுகுண்டையும் இயற்கை நிலநடுக்கத்தையும் வேறு பிரித்தறிவது அதன் நோக்கம். 20 அதிர்வுணரிகள் ஆங்கில எல் எழுத்தின் வடிவில், ஒவ்வொரு கையும் 20 கிலோமீட்டருக்கு மேல் நீளுமாறு நிறுத்தப்பட்டன. எல்லாவற்றிலும் வந்த அலையை நேரம் ஒழுங்குபடுத்திக் கூட்டினால், உண்மையான அதிர்வு இருபது மடங்காகும். ஒன்றுக்கொன்று தொடர்பற்ற இரைச்சலோ ஏறத்தாழ நாலரை மடங்கே வளரும். எடை மேடை கழித்து விலக்குகிறது. கௌரிபிதனூர் கூட்டி விலக்குகிறது. வழி இரண்டு, நோக்கம் ஒன்று.

இவ்வரலாறு பழுது பார்ப்போருக்கும் வழி காட்டும். ஓர் உலையின் வெப்பமின்னிரட்டையைப் பெருக்கியுடன் இணைக்கிறோம் என்று கொள்வோம். அளவு மெல்ல ஏறி உச்சியில் நின்றுவிடுகிறது. மீட்டரை வைத்துச் சோதித்தால் சரியாகிறது. எடுத்தால் மீண்டும் ஏறுகிறது. காரணம் மாயமன்று. பெருக்கியின் உள்வாயில்களுக்கு மிகச் சிறு மின்னோட்டம் தேவை. இரு முனையும் எதனோடும் சேராமல் மிதந்தால் அதற்குத் திரும்பும் வழியில்லை. மீட்டர், தானறியாமல் அவ்வழியைத் தந்துவிடுகிறது. ஒரு முனையிலிருந்து நிலத்துக்கு உயர் மின்தடை ஒன்றை இட்டால் நோய் தீரும்.

வேறு பழுதுகளுக்கும் முறை ஒன்றே. முதலில் இரு உள்வாயில்களையும் ஒன்றாகச் சேர்த்து வழக்கமான பொது அழுத்தத்தில் வையுங்கள். வெளியீடு பூஜ்யத்தில் நிற்க வேண்டும். பின் அப்பொது அழுத்தத்தை மாற்றுங்கள்; வெளியீடு அசையலாகாது. இறுதியில் அளவு தெரிந்த ஒரு சிறு வேறுபாட்டைக் கொடுத்துப் பாருங்கள். இம்மூன்றும் தேறிய பின்னரே உணரியைக் குறை கூறலாம். நிலையான பிழையைப் பூஜ்யம் வைத்துக் கழித்துவிடலாம். மாறிக்கொண்டே இருக்கும் பிழையைக் கழிக்க இயலாது என்பதையும் நினைவிற் கொள்க.

எடை மேடையின் எண்ணை நம்பி விற்பவரும் வாங்குபவரும் பணம் எண்ணுகின்றனர். மருத்துவமனையில் இதயத்தின் ஒரு மில்லிவோல்ட் அலையை நம்பி உயிர் காக்கும் முடிவுகள் எடுக்கப்படுகின்றன. பெர்கரைச் சூழ்ந்த அதே ஐயம் இங்கும் ஒவ்வொரு நாளும் எழவேண்டும்: நாம் காண்பது பொருளின் குரலா, கருவியின் குரலா? அவ்வினாவைக் கேட்டுத் தெளிந்த பிறகே எண்ணை நம்புவது அறிவுடைமையாகும்.