மூடும்போது ஒரு மடல்

சில வருஷம் முன்னாடி ஒரு ஓப்பன் சோர்ஸ் திட்டத்துக்கு ஒரு பக் எழுதி அனுப்பினேன். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, பிழை எப்போதெல்லாம் வருதுன்னு படிப்படியாகக் குறிச்சிருந்தேன். எட்டு மாசம் கழிச்சு 'மூடப்பட்டது' என்று ஒரு வரி வந்தது. ஏன்னு ஒரு வார்த்தை இல்லை. யாரோ டெர்மினலில் ஒரு கட்டளை தட்டியிருப்பார்கள். அந்தக் கடுப்பில்தான் டெபியனின் பக் டிராக்கர் கதையைப் படிக்க ஆரம்பிச்சேன்.

1993இல் டெபியனைத் தொடங்கியவர் இயன் மர்டாக். 1994இல் அதுக்கு டிராக்கர் எழுதியவர் இன்னொரு இயன், இயன் ஜாக்சன். எனக்கே ரொம்ப நாள் குழப்பம். அப்போ பிரவுசரே புதுசு. பல நாடுகளில் சிதறிக் கிடந்த தன்னார்வலர்களிடம் நிச்சயமா இருந்தது மின்னஞ்சல்தான். அதனால டிராக்கரும் மின்னஞ்சலிலேயே ஓடியது. மடல் அனுப்பினா பக்குக்கு ஒரு எண் கிடைக்கும். 'கண்ட்ரோல்' முகவரிக்கு வரிக்கு ஒரு கட்டளையா எழுதினா அதன் தீவிரத்தை மாத்தலாம், ஒரே பிழையை ரெண்டு பேர் சொல்லியிருந்தா இணைக்கலாம். பிற்பாடு டெர்மினலுக்கு வந்த 'பிடிஎஸ்' கட்டளையும் உள்ளே செய்யறது இதுதான்: நமக்காக அந்த மடலை அனுப்பும்.

என்னைக் கவர்ந்தது மூடும் முறை. எண்ணோடு 'டன்' சேர்த்த முகவரிக்கு மடல் எழுதணும்: எந்தப் பதிப்பில் சரியாச்சு, இல்லேன்னா இது ஏன் பக்கே இல்லை. அந்த மடல் பிழையைச் சொன்னவருக்குப் போய்ச் சேரும். கண்ட்ரோலுக்கு 'குளோஸ்' என்று எழுதி மூடும் வழியும் இருந்தது. ஆனா அதில் சொன்னவருக்குக் காரணம் தெரியாமல் போகும் என்பதால், அதைத் தவிர்க்கும்படி ஆவணத்திலேயே எழுதிட்டாங்க. வெற்று மடலும் அனுப்பலாம்தான். ஆனா மடல் எழுத உட்கார்ந்தவருக்கு ரெண்டு வரியாவது எழுதாமல் அனுப்ப மனசு வராது.

2020 செப்டம்பரில் கிட்ஹப்பின் 'ஜிஎச்' கருவி 1.0 வந்தது. 'ஜிஎச் இஷ்யூ குளோஸ்', எண், என்டர். முடிஞ்சது. காரணம் சேர்க்க வழி உண்டு, கட்டாயமில்லை. நானும் தினமும் இதைத்தான் தட்டறேன். இந்த வேகத்தை விட மனசில்லை.

டெபியனின் எண்கள் 2021இல் பத்து லட்சத்தைத் தொட்டன. இன்னமும் மடல்தான்.

இந்த எபிசோடுக்காக என் சொந்தத் திட்டத்தைத் திறந்து பார்த்தேன். கடைசியா மூடின 11இல் 4க்கு நானும் ஒரு வார்த்தை எழுதலை. நேத்து ராத்திரி நாலு பேருக்கும் எழுதினேன். ஒருத்தர் மட்டும் பதில் போட்டிருக்கார். அவர் என் நிரலை விட்டுட்டு வேறொண்ணுக்குப் போய் ரெண்டு வருஷமாச்சாம்.