அரண்மனையும் பாத்திரமும்: தஞ்சைக் கிறித்தவத்தில் தன்மதிப்பின் இரு சோதனைகள்

சரபோஜி மன்னர் (ஆட்சி 1798–1832) காலத்துத் தஞ்சையில் ஒரு புலவருக்கு மதிப்பு எங்கிருந்து வரும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. மன்னரையே பாட்டுடைத் தலைவராக்கிக் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பெரிய கோயிலில் ஆடப்பட்டது. அதே ஊரில் வேதநாயக சாஸ்திரியாரும் (1774–1864) ஒரு குறவஞ்சி பாடினார். அதன் தலைவன் பெத்லகேமில் பிறந்த கிறிஸ்து. அவன்மேல் காதல் கொள்ளும் தலைவி தேவமோகினி. மன்னர் கேட்டும் பெரிய கோயிலின் இறைவனான பெருவுடையார் மேல் பாட மறுத்தார் என்பது சாஸ்திரியார் மரபினர் சொல்லி வரும் செய்தி. மன்னரும் சாஸ்திரியாரும் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரின் அரவணைப்பில் வளர்ந்தவர்கள் என்பதை நினைத்தால் அந்த மறுப்பின் கனம் புரியும். மறுத்தவர் அந்நியர் அல்லர். மறுக்கப்பட்டவர் பகைவரும் அல்லர்.

மனிதர் தரும் மதிப்பைத் தேடாமல் இறைவன் தரும் மதிப்பில் நிலைகொண்ட வாழ்வுக்கு இந்நிகழ்ச்சியைச் சான்றாகக் காட்டுவது தமிழ்க் கிறித்தவ எழுத்தில் வழக்கம். அந்த வழக்கத்தோடு எனக்கு மாறுபாடு உண்டு. அரசனின் பாராட்டைத் துறப்பது அரிது. தன் சொந்தச் சாதியாரின் பாராட்டைத் துறப்பது அதைவிடப் பன்மடங்கு அரிது. தஞ்சைக் கிறித்தவத்தின் மெய்யான சோதனை அரண்மனையில் நடக்கவில்லை, இராப்போசனப் பாத்திரத்தைச் சுற்றியே நடந்தது.

1706-இல் மிஷனெரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியபோது கொண்டுவந்த லுத்தரன் போதனையின் உயிர்நாடி ஒன்றே: மனிதன் தன் செயலாலோ தகுதியாலோ கடவுள் முன் நீதிமான் ஆவதில்லை, விசுவாசத்தால், இலவசமாக ஆக்கப்படுகிறான். பிறந்த குலம் ஒருவனின் நிறையை முடிவு செய்த காவிரிப் படுகையில் இது சாதாரணச் சொல் அல்ல. ஆனால் சொன்னவர்களே அதன் முழு விளைவைத் தாங்கத் தயங்கினார்கள். தரங்கம்பாடிக் கோயிலில் வேளாளரும் பறையரும் தனித்தனியே அமர்ந்தார்கள்.

இதன் கூர்மையை இராஜநாயக்கன் வாழ்வில் காணலாம். பறையர் சமூகத்தவர், கத்தோலிக்கக் குடும்பம், தஞ்சை அரசரின் படையில் சேவகம். மிஷன் அச்சிட்ட தமிழ் வேதப் பகுதிகளைப் படித்து 1720-களின் இறுதியில் தரங்கம்பாடிச் சபையில் சேர்ந்தார். படைச் சேவகத்தை விட்டு உபதேசியார் ஆனார். தஞ்சை நாட்டின் ஊர்களில் நடந்து போதித்தார். அச்சபையில் 1733-இல் ஆரோனும் 1741-இல் தியோகுவும் குருப்பட்டம் பெற்றனர். இராஜநாயக்கன் பெயரும் பேசப்பட்டது, ஆனால் பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. பறையர் ஒருவர் கையிலிருந்து இராப்போசனம் பெறப் பிற சாதிக் கிறித்தவர்கள் கூசுவார்கள் என்று மிஷனெரிமார் கணக்கிட்டனர்.

இறைவன் முன் எல்லோரும் சமம் என்று அவருக்குக் கற்பித்தவர்கள், அந்தச் சமத்துவத்தின் அடையாளமான பாத்திரத்தை அவர் கையில் தர மறுத்தார்கள். அவருடைய ஊழியத்தை நம்பினார்கள், உழைப்பைப் பெற்றுக்கொண்டார்கள், வெற்றிகளை ஐரோப்பாவுக்கு எழுதினார்கள். அவரோ சபையை விட்டுப் போகவில்லை. 1771-இல் இறக்கும்வரை உபதேசியாராகவே உழைத்தார். முப்பது ஆண்டுகள்! பாராட்டு வேண்டி உழைப்பவனுக்கு இத்தனை நீண்ட மறுப்புக்குப் பின் உழைக்கக் காரணமே இருக்காது. அவர் நின்ற தரை சபையின் அங்கீகாரத்துக்கு அடியில், அதைவிட ஆழத்தில் இருந்தது என்றே நான் வாசிக்கிறேன்.

இந்த இடத்திலிருந்து சாஸ்திரியாரிடம் திரும்ப வேண்டும். 1820-களில் புதிதாக வந்த மிஷனெரிமாரோடு அவர் மோதினார். வேத மொழிபெயர்ப்பைத் திருத்தினார்கள், பூக்களை விலக்கினார்கள், தமிழ்ப் பாடலை ஆராதனையிலிருந்து ஒதுக்கினார்கள், எல்லாச் சாதியாரையும் ஒன்றாக அமரவும் உண்ணவும் வற்புறுத்தினார்கள் என்பன அவர் சாட்டிய குற்றங்கள். பாட்டிலும் பூவிலும் நியாயம் முழுக்க அவர் பக்கம். தமிழனாகவே கிறிஸ்துவை வணங்க முடியும் என்ற உறுதிக்காக அவர் மிஷன் வேலையையே இழந்தார். நான்காவது குற்றச்சாட்டில்தான் மனம் கனக்கிறது. சாதி உலகியல் ஒழுங்கு, ஆன்ம மீட்போடு அதற்குத் தொடர்பில்லை என்பது அவர் வாதம். அரசனிடம் மண்டியிடாத அந்த மனம், வேளாள மரியாதை கலைந்தால் தானும் கலைந்துபோவோம் என்று அஞ்சியது. பூவையும் பாட்டையும் சாதியையும் ஒரே பட்டியலில் அவர் வைத்ததே, அவை மூன்றும் அவருக்குள் எவ்வளவு ஒட்டிக் கிடந்தன என்பதற்குச் சான்று.

அவர் ஒருவரைக் குற்றம் சொல்லி விலகிவிட முடியாது. 1833-இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாதென்று கடிதம் எழுதியபோது தஞ்சையில் வேளாளக் கிறித்தவர்கள் பலர் வெளியேறினர். பின்னாளில் அவர்களில் கணிசமானோர் சாதி வழக்கத்தைப் பொறுத்துக்கொண்ட லைப்சிக் மிஷனுக்குப் போனார்கள். வில்சனிடமும் குறை உண்டு: வேற்று நாட்டு அதிகாரம் கட்டளையாக எழுதியதால், உள்ளிருந்து எழ வேண்டிய மனமாற்றம் அவமானமாக உணரப்பட்டது.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. மனிதர் மதிப்பைத் தேடாதே, கடவுள் மதிப்பு போதும் என்பது பண்ணையாளை அடங்கியிருக்கச் செய்யும் போதனை ஆகாதா? ஆகியிருக்கிறது. 1940-களில் பண்ணையாட்கள் மேல் ஏவப்பட்ட சவுக்கடி, சாணிப்பால் தண்டனைகளை எதிர்த்துக் கீழத்தஞ்சையின் சேரிகளை எழுப்பியவர் பி. சீனிவாசராவ், விவசாயச் சங்கத்தின் கொடியோடு. அந்த எழுச்சியில் சபைகளின் குரல் மெலிந்தே இருந்தது. இதை மறைக்கும் இறையியலை நான் ஏற்கவில்லை. ஆயினும் பிழை போதனையின் பாதியை மட்டும் பிரசங்கித்ததில் இருக்கிறது. கடவுளின் மதிப்பு இலவசக் கொடை என்றால் மிராசுதாருக்கும் பண்ணையாளுக்கும் அது ஒரே அளவில்தான் வர முடியும். கொடையில் வரிசை இல்லை. உயர்ந்தவன் தன் வரிசையை விட்டுக்கொடுக்காமல், தாழ்த்தப்பட்டவனிடம் மட்டும் ‘உள்ளத்தில் நிறைவாயிரு’ என்பது அக்கொடையையே மறுப்பதாகும்.

ஆகவே அங்கீகாரத்தைத் துறக்கும்படி சொல்ல வேண்டிய திசை முதலில் மேலே. இராஜநாயக்கனிடம் அதைக் கேட்க எவருக்கும் உரிமை இருந்ததில்லை. அவர் கேட்காமலே அதைச் செய்தார். கேட்கப்பட வேண்டியவர்கள் அவர் கையிலிருந்து பாத்திரம் பெறக் கூசுவார்கள் என்று கணிக்கப்பட்டவர்களும், அந்தக் கூச்சத்துக்குப் பணிந்த மிஷனெரிமாரும். டெல்டாவின் பல ஊர்களில் கிறித்தவர்களுக்கு இன்றும் சாதிவாரியாகக் கல்லறைத் தோட்டங்கள் தனித்தனியே இருக்கும் வரையில் 1741-இல் தள்ளிவைக்கப்பட்ட அந்தக் கேள்வி தீர்ப்பின்றியே நிற்கிறது.