ஒற்றிக்குப் போன ஊர்

வீட்டை ஒருவர் கையில் ஒப்படைத்து, அதற்கு ஈடாக ஒரு தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு, தொகைக்கு வட்டியும் வேண்டாம், வீட்டுக்கு வாடகையும் வேண்டாம் என்று பேசி முடித்து, முதலைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் வீட்டைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டை மதுரைப் பக்கத்தார் இன்றும் 'ஒத்தி' என்றே வழங்குகிறார்கள். சென்னையில் அதற்குப் போக்கியம் என்று பெயர். இப்போது 'லீஸ்' என்னும் சொல் அதையும் அப்புறப்படுத்திவிட்டது. ஏட்டில் ஒற்றியென்று எழுதினாலும் வாய்க்கு வருவது ஒத்திதான். ராயபுரத்திலிருந்து எண்ணூருக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர் 'திருவொத்தியூர்' என்று கூவும்போது, தாம் ஒரு பழைய சிலேடையை உச்சரிப்பதாக அவர் நினைத்திருக்க மாட்டார்.

அந்தச் சிலேடையை முதலில் துணிந்து ஆடியவர்களுள் சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்குத் தனி ஸ்தானம் உண்டு. காஞ்சிபுரத்தில் ஓணகாந்தன் தளி என்னும் கோயிலில் அவர் பொன் வேண்டிப் பாடிய பதிகத்தில், உமக்கு ஊழியம் செய்து எங்களுக்கு என்ன கிடைக்கப் போகிறது என்று சிவபெருமானையே நிறுத்திவைத்துக் கணக்குக் கேட்கிறார். ஆரூர் என்றால் யாருடைய ஊரோ. ஒற்றியூர் என்றாலோ அடகில் கிடப்பது, ஆகவே அதுவும் உம்முடையது அன்று என்பது அவருடைய வாதம். தோழன் ஒருவன் மற்றொருவனைக் கடன்காரன் என்று நாலு பேர் நடுவே கேலி செய்யும் உரிமை அதில் தொனிக்கிறது. இதே ஒற்றியூரில், பிரியேன் என்று மகிழமரத்தடியில் தாம் மணந்த சங்கிலியாருக்குச் சத்தியம் செய்துகொடுத்து, அதை மீறிப் புறப்பட்டுக் கண்ணொளி இழந்தவரும் அவரே. மாசி உற்சவத்தில் மகிழடி சேவையைக் கூட்டத்தில் நெருக்குண்டு பார்க்கும்போதெல்லாம், ஊரை ஒற்றி என்று பரிகசித்தவர் அந்த ஊரிலேயே தம் வாக்கை ஈடு வைத்து மூழ்கவிட்ட வேடிக்கைதான் எனக்கு நினைவுக்கு வரும்.

ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் இந்தச் சொல்லின் சுவை வற்றவில்லை. சென்னை ஏழுகிணற்றில் குடியிருந்து ஒற்றியூருக்குப் போய் வழிபட்டுவந்த இராமலிங்க அடிகள், 'இங்கித மாலை'யில் ஒற்றியூர்ப் பெருமானுக்கும் ஒரு பெண்ணுக்கும் நடக்கும் இருபொருட் பேச்சை அமைத்தபோது, வழக்குத் தொடுப்பதும் எழுதிக் கொடுப்பதுமாகிய கச்சேரி வார்த்தைகள் காதல் பேச்சுக்குள் புகுந்து விளையாடுகின்றன.

புலவர்கள் இவ்வாறு கடனாளியாக்கிய கடவுளைப் பற்றிக் கோயிற் சாசனங்கள் சொல்லும் விருத்தாந்தமோ நேர்மாறானது. தக்கோலப் போரில் 949-ஆம் ஆண்டு சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்டபோது, உடனிருந்து உயிர்விடத் தவறினோமே என்று நொந்து துறவு பூண்டு, சதுரானன பண்டிதர் என்ற பெயருடன் ஒற்றியூர் மடத்தில் அமர்ந்தவர் கேரளத்து வீரர் ஒருவர். அவர் கோயிலுக்கென்று அளித்த பொன்னை ஓர் ஊர்ச்சபையார் பெற்றுக்கொண்டு, ஆண்டுதோறும் வட்டி அளக்க உடன்பட்டதை இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. அந்நாளில் வட்டிக்குப் பொலிசை என்று பெயர். நந்தாவிளக்கு எரிவதற்காக முதல் குறையாமல் பொலிசை மட்டும் வந்துகொண்டிருக்க வேண்டுமென்று சுற்றுப்புறச் சபைகளின் பொறுப்பில் பொன் வைத்த சாசனங்கள் இங்கே பல. ஆக, சுவரில் உள்ள எழுத்தின்படி கடன் கொடுத்தவர் சுவாமி; கடன்பட்டவர்கள் ஊரார்! இந்தச் சுவாமிக்கே எழுத்தறியும் பெருமான் என்று ஒரு திருநாமம் உண்டு. கோயில்களுக்குரிய படித்தரத்தைக் குறைத்து அரசன் எழுதுவித்த ஓலையில், ஒற்றியூருக்கு மட்டும் விலக்கு என்று யாரும் அறியாமல் வரிப்பிளந்து எழுதிவிட்டாராம். கணக்கில் இவ்வளவு சமர்த்தரா ஊரை அடகு வைப்பார்?

ஸ்தலபுராணம் அடமானக் கதையை ஏற்பதில்லை. பிரளய வெள்ளத்தை இறைவன் ஒற்றிப் போகும்படி, அதாவது விலகிப் போகும்படி செய்தமையால் ஒற்றியூர் என்பது அதன் கட்சி. பதவுரைக்கு அது பொருந்தலாம், கரைக்குப் பொருந்தவில்லை. 1875-இல் அடிக்கல் நாட்டிச் சென்னைத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே அலையோடு நகர்ந்துவந்த மணலைத் துறைமுகச் சுவர் தடுத்தது. தெற்கே மெரீனாவில் மணல் சேர்ந்துகொண்டே போயிற்று, வடக்கே ராயபுரம் முதல் ஒற்றியூர் வரையில் கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. பட்டினத்தார் சமாதிக்குப் பக்கத்தில் இப்போது அலைக்கு எதிரே கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்மேல் வலையை உலர்த்திக்கொண்டிருந்த வயதான மீனவர் ஒருவரிடம், பழைய கரை எதுவரை இருந்தது என்று விசாரித்தேன்.

"தோ, அங்க அலை ஒடையுது பாருங்க சார், அதுக்கும் அந்தாண்ட" என்றார்.